அம்பாப் பாட்டும் ராக் இசையும் – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

வணக்கம். கடலூர் தேவனாம்பட்டினத்திலிருந்து எழுதுகிறேன். நாட்டார் பாடலோடு மின்கிதார் சேர்வதில் தவறொன்றும் இல்லை, சேர்க்கும் விதத்தில்தான் எல்லாம் இருக்கிறது என்று நீங்கள் முன்பு எழுதியிருந்தீர்கள். அந்தத் தைரியத்தில்தான் இந்தக் கடிதம்.

நாங்கள் கல்லூரியில் ஒன்றாகப் படித்த நான்கு பேர். கிதார், பேஸ், கீபோர்டு, டிரம்ஸ் என்று ஒரு குழுவாக வாசித்துவருகிறோம். என் பெரியப்பா கரைவலை இழுத்தவர். வலை இழுக்கும்போது முன்பாட்டு எடுப்பவர் அவர்தான். அவர் பாடும் அம்பாப் பாட்டு ஒன்றை ராக் பாடலாக்கிப் புதுச்சேரியில் ஒரு ஸ்டூடியோவில் பதிவு செய்தோம். முதலில் நிமிடத்துக்கு 96 தட்டு என்ற டெம்போவில் கிளிக் (காதில் சீராகத் தட்டும் தாள ஒலி) வைத்து வாத்தியங்கள் எல்லாவற்றையும் எடுத்துவிட்டு, கடைசியில் பெரியப்பாவை அழைத்துச் சென்று ஹெட்போன் மாட்டிப் பாடவைத்தோம். அவரால் கிளிக்கோடு பாட முடியவில்லை. ஓரிடத்தில் முந்துகிறார், ஓரிடத்தில் பிந்துகிறார். "நாட்டுப்புறப் பாடகர்களுக்குத் தாளம் நிற்காது, அவரைத் தனியாகப் பாடச் சொல்லுங்கள், நான் சரிசெய்துகொள்கிறேன்" என்றார் ஒலிப்பதிவாளர். அப்படியே பாடவைத்து, வெட்டி அடுக்கி, சுருதியையும் திருத்திக் கொடுத்தார். கேட்டால் எல்லாம் சரியாக இருப்பதுபோலத்தான் தெரிகிறது. ஆனால் பெரியப்பா கேட்டுவிட்டு, "நல்லாத்தான் இருக்கு, ஆனா இதுல வலை வராதுடா" என்று சொல்லிவிட்டு எழுந்து போய்விட்டார்.

கிளிக் இல்லாமல் ராக் பாடலைப் பதிவு செய்ய முடியுமா? கிதாரில் சுரங்களைச் சேர்த்துப் பிடிக்கும் கார்டுகள் ஏன் பாட்டோடு ஒட்டாமல் நிற்கின்றன? நாட்டுப்புற உணர்வு போதவில்லை என்று நண்பர்கள் சொல்வதால் பறையும் உறுமியும் சேர்க்கலாமா? பாடலை வெளியிடும்போது பாடலாசிரியர் என்ற இடத்தில் யார் பெயரைப் போடுவது? எங்கள் பதிவையும், சில ஆண்டுகளுக்கு முன் கரையில் வலை இழுக்கும்போது கைபேசியில் எடுத்த பெரியப்பாவின் பாட்டையும் அனுப்பியிருக்கிறேன்.

தேவனாம்பட்டினம் வாசகர்

*

அன்புள்ள நண்பருக்கு,

இரண்டு கோப்புகளையும் பலமுறை கேட்டேன். உங்கள் குழு நன்றாக வாசிக்கிறது. அதிலும் பேஸ் வாசிப்பவர் தேவையில்லாத இடத்தில் சும்மா இருக்கத் தெரிந்தவர், இந்த வயதில் அது எளிதில் வராது. ஆகவே கோளாறு வாசிப்பில் இல்லை என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

பெரியப்பா சொன்னதை நீங்கள் மனத்தாங்கலாக எடுத்துக்கொண்டிருப்பது கடிதத்தின் தொனியில் தெரிகிறது. எனக்கோ அது ஒலிப்பதிவைப் பற்றி ஒருவர் சொல்லக்கூடிய மிகத் துல்லியமான விமர்சனமாகப் படுகிறது. அந்தப் பாட்டு எதற்காக இருக்கிறதோ அந்த வேலையை உங்கள் பதிவில் அது செய்யவில்லை என்கிறார் அவர். அதன் காரணம் நீங்கள் அனுப்பிய கைபேசிப் பதிவிலேயே இருக்கிறது.

அதில் காற்றிரைச்சலுக்கு நடுவே என்ன நடக்கிறது என்று கவனித்துப் பாருங்கள். பெரியப்பா ஓர் அடியை எடுக்கிறார். மற்றவர்கள் "ஐலசா" என்று விழும் இடத்தில் இழுவை விழுகிறது. இழுத்தபின் ஆட்கள் பிடியை மாற்றி, காலைப் பின்னால் ஊன்றிக்கொள்ள ஓர் இடைவெளி வேண்டும். அந்த இடைவெளி ஒரே அளவாக இல்லை. வலை இலகுவாக வரும்போது அது குறைகிறது. எங்கோ பிடித்துக்கொள்ளும்போது நீள்கிறது. மூன்றாவது அடியின் முடிவில் அவர் கடைசி உயிரெழுத்தை நீட்டிப் பிடிக்கிறார், அதற்குள் பின்னால் யாரோ ஒருவர் இருமுகிறார், இன்னொருவர் ஏதோ சொல்கிறார், எல்லோரும் தயாரான பிறகுதான் அவர் அடியை முடித்துவிடுகிறார்; உடனே இழுவை. தொடக்கத்தில் நிமிடத்துக்கு 80 தட்டுகளை ஒட்டி நடக்கும் பாட்டு, வலையின் மீன் சேரும் பை கரையை நெருங்கும் கட்டத்தில் 100ஐத் தாண்டிவிடுகிறது. அதைத் தாளம் நிற்காதவர் பாட்டு என்று எவரும் சொல்ல முடியாது, ஏனென்றால் அத்தனை பேரின் முதுகும் தோளும் ஒரே கணத்தில் இயங்கும்படி அதை நடத்துபவர் அவர்தான். அவருடைய தாளத்தைப் பிடித்து நிறுத்துவது கயிற்றின் பாரம். ஸ்டூடியோவில் அந்தக் கயிற்றை எடுத்துவிட்டு, குளிரூட்டிய அறையில் நாற்காலி போட்டு உட்காரவைத்து, காதில் ஒரு மணியொலியை விட்டால், அவர் எதைப் பிடித்துக்கொண்டு பாடுவார்?

இப்போது உங்கள் பதிவில் அதே மூன்றாவது அடியைக் கேளுங்கள். நீட்டிப் பிடித்த உயிரெழுத்து நான்கு தட்டுக்குள் அடங்கும்படி வெட்டப்பட்டிருக்கிறது. அதற்கு முன்னால் அவர் இழுத்த மூச்சும் போய்விட்டது. தேவையற்ற சத்தம் என்று ஒலிப்பதிவாளர் நீக்கியிருப்பார். மூச்சு இல்லாமல் வரும் குரல் எங்கிருந்து புறப்பட்டது என்று கேட்பவருக்குத் தெரிவதில்லை. அடுத்து வரும் "ஐலசா" மிகச் சரியாக ஒன்றாம் தட்டில் விழுகிறது, ஆனால் அதற்காக யாரும் காத்திருக்கவில்லை என்பதால் அதில் எடை இல்லை. உங்களுக்கு ஏதோ உயிரற்றுப் போனதாகத் தோன்றுவது இந்த இரண்டு அங்குலத் துண்டு அலைவடிவத்தில்தான்.

இசை ஏற்பாடு என்பதை எந்த வாத்தியம் எங்கே வரவேண்டும் என்ற பட்டியலாக எண்ணிக்கொள்கிறோம். நாட்டார் பாடலை ராக் குழுவோடு சேர்க்கும்போது அதற்கு முன்னதாகத் தீர்மானிக்க வேண்டியது ஒன்று உண்டு: யார் யாருக்காகக் காத்திருப்பது என்பது. உங்கள் பதிவில் குழு முன்னால் போய்விட்டது, எழுபதைத் தாண்டிய ஒரு மனிதர் பின்னால் ஓடிவர வேண்டியிருந்தது. இதைத் திருப்பிப் போட்டால் உங்கள் சிக்கலில் முக்கால்வாசி தீர்ந்துவிடும்.

கிளிக் இல்லாமல் முடியுமா என்ற கேள்விக்கு வருகிறேன். முடியும் என்பதற்கு அறுபதாண்டு கால வரலாறே இருக்கிறது. அமெரிக்காவின் சைமன் அண்ட் கார்ஃபங்கல் இரட்டையர் பாடிய 'தி சவுண்ட் ஆஃப் சைலன்ஸ்' நாட்டார் பாடல் அன்று, அந்தப் பாணியில் எழுதப்பட்டது. ஆனாலும் உங்கள் நிலைமைக்கு அதைவிட நெருக்கமான எடுத்துக்காட்டு எனக்குத் தெரியாது. 1964 மார்ச் மாதம் நியூயார்க்கில் அது அகூஸ்டிக் கிதாரோடு அமைதியாகப் பதிவாயிற்று. அந்த ஆண்டு வெளிவந்த இசைத்தட்டு விற்கவில்லை. 1965 ஜூனில் தயாரிப்பாளர் டாம் வில்சன், பாடியவர்களிடம் ஒரு வார்த்தைகூடக் கேட்காமல், அதே நாடாவின் மேல் மின்கிதார், பேஸ், டிரம்ஸ் ஆகியவற்றைச் சேர்த்தார். அந்த மூலப்பதிவில் வேகம் சீராக இல்லை, பாடுபவர்களின் மூச்சுக்கேற்ப ஏறி இறங்கியது. அதனால் வாசிக்க வந்தவர்கள் திணறினார்கள். இன்றுபோல் மென்பொருளில் குரலை வெட்டி நேராக்கும் வசதி அன்று இல்லை. ஆகவே டிரம்ஸ் வாசித்தவர் குரலுக்குப் பின்னால் போவதைத் தவிர வேறு வழியில்லாமல் போயிற்று. இன்றும் அதை ஹெட்போனில் கேட்டால், அடிகளின் எல்லைகளில் குழு முழுவதும் குரலுக்காகச் சற்றுத் தயங்கி நிற்பதைக் கேட்கலாம். 1966 ஜனவரியில் அமெரிக்காவின் முதலிடத்துக்கு வந்தது அந்தத் தயக்கங்களோடு கூடிய வடிவம்தான். (பாடியவர்களைக் கேளாமல் செய்ததை நான் நியாயப்படுத்தவில்லை. பால் சைமன் முதலில் அதைக் கேட்டு அதிர்ச்சியடைந்தார் என்றே பதிவாகியிருக்கிறது.)

உங்களுக்கு இன்னும் அணுக்கமானது, 1969இல் இங்கிலாந்தின் ஃபேர்போர்ட் கன்வென்ஷன் குழு பதிவு செய்த 'எ ஸெய்லர்ஸ் லைஃப்'. அதுவும் கடல் பாட்டுத்தான். கடலுக்குப் போனவனைத் தேடிப் போகும் பெண்ணின் பழைய மரபுப் பாடல். பாடியவர் சாண்டி டென்னி. பதினொரு நிமிடம் ஓடும் அதை ஒரே டேக்கில், எல்லோரும் சேர்ந்து வாசித்து எடுத்தார்கள். தொடக்கத்தில் தாளமே கிடையாது. கிதாரும் சிம்பலும் சுருதிப்பெட்டி போல ஒரே சுரத்தைச் சுற்றி அலைந்துகொண்டிருக்க, குரல் தன் இஷ்டத்துக்கு அடிகளை விடுகிறது. கதை நகர நகரத்தான் டிரம்ஸ் மெல்ல ஓர் அடியைப் பிடிக்கிறது, பிறகு டேவ் ஸ்வார்பிரிக்கின் வயலினும் ரிச்சர்ட் தாம்சனின் கிதாரும் ஒன்றையொன்று துரத்திக்கொண்டு உச்சத்துக்குப் போகின்றன. பாட்டுக்குள்ளேயே வேகம் வளரும் இந்த அமைப்பு உங்கள் பெரியப்பாவின் பாட்டில் ஏற்கெனவே இருக்கிறது. வலையின் பை கரை சேரும் அந்த வேகமான கடைசிப் பகுதிதான் உங்கள் பாடலின் உச்சம். நீங்களோ நடுவில் பதினாறு பார் (தாளச் சுற்று) நீளத்துக்குக் கிதார் சோலோ வைத்து, அதன் பிறகு மீண்டும் முதல் அடிக்கே திரும்பியிருக்கிறீர்கள். பாதி இழுத்த வலையை விட்டுவிட்டு வந்து மறுபடியும் கயிற்றின் நுனியைத் தேடுவது போலிருக்கிறது அது. சோலோவைப் பாட்டு முடிந்த பிறகு வையுங்கள், நீளமாகவே வையுங்கள். கைச்சுமை இறங்கியபின் கிதாருக்கும் பேச நிறைய இருக்கும்.

அடிகளின் நீளமும் இப்படித்தான். பெரியப்பாவின் முதல் அடி ஐந்து இழுவை, இரண்டாவது நான்கு, மூன்றாவது மறுபடியும் ஐந்து. எல்லாவற்றையும் நான்கு பாருக்குள் அடக்க, காலியான இடங்களில் டிரம்ஸ் உருட்டல்களை நிரப்பியிருக்கிறீர்கள். ஐந்தை ஐந்தாகவே விடுங்கள். கேட்பவர் எண்ணிக்கொண்டிருக்க மாட்டார்.

அடுத்து கார்டுகள். இங்கே பிரச்சினை இரண்டு அடுக்காக இருக்கிறது. முதலாவது சுருதி. கைபேசிப் பதிவில் பெரியப்பாவின் ஷட்ஜம், அதாவது ஆதார சுரமான 'ச', இரண்டரைக் கட்டைக்கு (கீபோர்டின் டி-ஷார்ப்) ஏறக்குறைய முப்பது சென்ட் கீழே நிற்கிறது. ஒரு அரைச்சுரத்துக்கு நூறு சென்ட் என்ற கணக்கில் அது மூன்றில் ஒரு பங்குக்குச் சற்றுக் குறைவு. ஸ்டூடியோவிலும் அவர் கிட்டத்தட்ட அங்கேதான் பாடியிருப்பார். குழு வழக்கமான 440 ஹெர்ட்ஸ் அளவில் சுருதி கூட்டி வாசித்திருப்பதால், அவருடைய ஒவ்வொரு சுரத்தையும் மென்பொருளால் தூக்கி இரண்டரைக் கட்டையில் உட்காரவைத்திருக்கிறார்கள். தேவையே இல்லை. கிதார் கம்பியை இறக்கலாம், பேஸையும் இறக்கலாம், கீபோர்டில் மாஸ்டர் டியூனிங் என்ற வசதியில் 440ஐ 432 வரை குறைத்தால் முப்பது சென்ட் கணக்கு ஏறத்தாழச் சரியாகிவிடும். (432 என்றதும் வாட்ஸ்அப்பில் சுற்றும் பிரபஞ்ச அதிர்வுக் கதைகள் நினைவுக்கு வரலாம். இதற்கும் அதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை; பதிவு செய்யும் நாளில் அவர் 435இல் பாடினால் நீங்களும் 435க்குப் போங்கள்.) மூன்று வாத்தியங்களும் ஒரு குரலுக்கு இறங்கிவருவது பத்து நிமிட வேலை.

இரண்டாவது அடுக்கு காந்தாரம். அவர் பாடும் காந்தாரம் ('க' சுரம்) கீழே நிற்கும் சாதாரண காந்தாரமும் அன்று, மேலே நிற்கும் அந்தர காந்தாரமும் அன்று. இரண்டுக்கும் நடுவில், ஏறும்போது சற்று மேலேயும் இறங்கும்போது சற்றுக் கீழேயுமாக அசைகிறது. நீங்கள் மைனர் கார்ட் பிடித்தால் அது கீழேதான் இருக்கவேண்டும் என்று கிதார் தீர்ப்பளித்துவிடுகிறது. மேஜர் பிடித்தால் எதிர்த்தீர்ப்பு. கார்டுகள் ஒட்டாமல் நிற்பதாக உங்களுக்குத் தோன்றுவது இதனால்தான். சுருதி திருத்தும் மென்பொருளும் அவர் காந்தாரத்தை எடுத்துக் கீழ்ப்பக்கம் தள்ளிவிட்டது. ராக் இசைக்காரர்களுக்குப் பழகிய பவர் கார்டில் ஷட்ஜமும் பஞ்சமமும் மட்டுமே உண்டு, காந்தாரம் கிடையாது. ஒலியைக் கரகரப்பாக்கும் டிஸ்டார்ஷன் போட்டாலும் கலங்காது, குரலின் காந்தாரத்தோடு சண்டையும் போடாது. அகூஸ்டிக் கிதாருக்கு இன்னொரு வழி இருக்கிறது. அறுபதுகளின் தொடக்கத்தில் டேவி கிரஹாம் என்ற ஆங்கிலேய நாட்டார் கிதார் கலைஞர் பரப்பிய டி-ஏ-டி-ஜி-ஏ-டி என்ற கம்பிக்கட்டு அது. வழக்கமான கட்டிலிருந்து ஆறாவது, இரண்டாவது, முதலாவது கம்பிகளை ஒரு முழுச்சுரம் இறக்கினால் போதும். டி-யை ஷட்ஜமாக வைத்துப் பாருங்கள்: ச ப ச ம ப ச. தம்புராவோடு ஒரு மத்தியமத்தைச் சேர்த்தது போன்ற அமைப்பு. காந்தாரம் அங்கும் இல்லை. கம்பிகளை அழுத்திப் பிடிக்கும் கேபோவை முதல் கட்டத்தில் போட்டால் இரண்டரைக் கட்டை வந்துவிடும், பிறகு முப்பது சென்ட் இறக்கிக்கொள்ளுங்கள். கீபோர்டு வாசிப்பவர் சில அடிகளுக்குக் கையைக் கட்டிக்கொண்டு உட்காருவது நல்லது. கார்ட் மாற்றம் இல்லாவிட்டால் சலிக்கும் என்று அவர் சொல்லக்கூடும். டெல்லியின் இந்தியன் ஓஷன் குழு நர்மதைக் கரை நாட்டார் பாடலை எடுத்துச் செய்த 'மா ரேவா'வை அவரைக் கேட்கச் சொல்லுங்கள். ஒரே ஷட்ஜத்தைச் சுற்றி எவ்வளவு தூரம் போகமுடியும் என்பது புரியும்.

பறை, உறுமி பற்றி நான் சொல்லப்போவது உங்கள் நண்பர்களுக்குப் பிடிக்காமல் போகலாம். சேர்க்க வேண்டாம். நாட்டுப்புறம் என்றால் பறையும் உறுமியும் ஒலிக்க வேண்டும் என்பது திரையிசை நமக்குப் பழக்கிவிட்ட ஒரு முத்திரை. நம் கடலூர், விழுப்புரம் வட்டாரத்திலேயே திரௌபதி அம்மன் கோயில் பம்பை வேறு, தெருக்கூத்தின் முகவீணையும் மிருதங்கமும் வேறு, சாவுக்கும் திருவிழாவுக்கும் ஒலிக்கும் பறை வேறு. ஒவ்வொன்றுக்கும் ஓர் இடமும் காரியமும் உண்டு. கரைவலைப் பாட்டில் கொட்டு கிடையாது, ஏனென்றால் எல்லோர் கையும் கயிற்றில் இருக்கிறது. 2018 ஜனவரியில் சென்னையில் முதன்முதலாக மேடையேறிய தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ் குழுவில் பறையும் சட்டியும் ராக் வாத்தியங்களோடு நின்றது பொருத்தமாக இருந்தது. அவர்கள் பாடிய பாட்டுக்கும் பேசிய சாதி எதிர்ப்பு அரசியலுக்கும் அவை உரியவை. உங்கள் பாட்டுக்கு உரிய தாளவாத்தியம் மணலில் ஊன்றும் காலும், கயிறு உரசும் ஒலியும், இழுவையில் எல்லோரும் ஒன்றாக விடும் மூச்சும்தான். நடைமுறைக் காரணமும் ஒன்று உண்டு. பறையை அடிக்கும் மெல்லிய சிண்டுக்குச்சியின் கூர்மையான ஓசை விழும் அலைவரிசையில்தான், அதாவது ஏறத்தாழ 2 முதல் 5 கிலோஹெர்ட்ஸ் வரையில்தான், பாடுபவரின் மெய்யெழுத்துகள் தெளிவு பெறுகின்றன. டிஸ்டார்ஷன் கிதாரும் அங்கேயே வந்து குவியும். மூன்றும் ஒன்றாக ஒலித்தால் முதலில் அடிபடுவது பாட்டின் சொல்.

இனிப் பதிவு. நான் ஏற்கெனவே சொன்னதன் தொடர்ச்சியாக, பெரியப்பாவின் கையில் ஒரு கயிற்றைக் கொடுங்கள் என்பதுதான் என் முதல் யோசனை. அவரோடு முன்பு வலை இழுத்தவர்களில் ஐந்தாறு பேரை அழைத்துக்கொள்ளுங்கள். உங்கள் பக்கத்து மீனவக் கிராமங்களில் வலை பின்னும் கூடம் இருக்கும். தலைவர்களிடம் சொல்லிவிட்டு அதைக் கேட்டு வாங்குங்கள். மணல் நிரப்பிய சாக்குகளைக் கூடத்துக்கு வெளியே மணலில் போட்டு, கயிற்றை வாசல் வழியாக உள்ளே கொண்டுவந்து, பாடுபவர்கள் கூடத்துக்குள் நின்று இழுக்கட்டும். சாக்கு உரசும் சத்தம் வெளியிலேயே நின்றுவிடும். பாரம் மட்டும் உள்ளே வரும். பெரியப்பா முழு பாரத்தையும் தாங்க வேண்டியதில்லை, வயதை நினைவில் வையுங்கள். கயிறு அவர் கையில் ஓடினால் போதும். சாக்குகளின் எண்ணிக்கையைக் கூட்டிக் குறைத்து வேகத்தை மாற்ற முடியும் என்பது இதில் கிடைக்கும் கூடுதல் வசதி. 96ஐ ஒட்டிய வேகம்தான் வேண்டுமென்றால் சாக்கில் ஒன்றைக் கழற்றுங்கள்.

விடியற்காலையில் எடுங்கள். அப்போது காற்று நிலத்திலிருந்து கடலை நோக்கி வீசும், அலை இரைச்சல் கரைக்கு அவ்வளவாக ஏறாது. முற்பகல் தாண்டிக் கடற்காற்று திரும்பிவிட்டால் எந்தக் காற்றுத் தடுப்புப் பஞ்சும் காப்பாற்றாது. கான்கிரீட் கூரையின் எதிரொலியைக் குறைக்கச் சுவரில் பாய் தொங்கவிடுவார்கள், அதில் பெரிய பயனில்லை. இலவம்பஞ்சு மெத்தைகளை மூலைகளில் சாய்த்துவையுங்கள். மின்விசிறியை நிறுத்துங்கள். பெரியப்பாவுக்கு ஒரு டைனமிக் மைக்கை வாயிலிருந்து ஒரு சாண் தள்ளி, சற்றுப் பக்கவாட்டில் வையுங்கள். பின்பாட்டுக்காரர்களுக்கு ஓர் ஆள் உயரத்துக்கு மேலே இரண்டு கண்டென்சர் மைக். அவர் மைக்கில் மற்றவர்களின் குரல் கசியும். கசியட்டும், வெட்டி ஒட்ட முடியாமல் போவது இந்தப் பாட்டுக்கு நல்லதே. 24 பிட், 48 கிலோஹெர்ட்ஸ் வைத்துக்கொண்டு, உச்ச அளவு கழித்தல் 12 டெசிபலைத் தாண்டாமல் பார்த்துக்கொள்ளுங்கள், ஏனென்றால் கடைசி இழுவைகளில் குரல் நீங்கள் எதிர்பார்ப்பதைவிட அதிகமாக ஏறும். ஹெட்போன் யாருக்கும் வேண்டாம். கிதார்க்காரர் டி-ஏ-டி-ஜி-ஏ-டி கட்டிய அகூஸ்டிக் கிதாரோடு அருகில் நின்று சுருதியை மட்டும் மெல்லத் தட்டிக்கொண்டிருக்கலாம்.

டிரம்ஸுக்கு இரண்டு வழிகள். டிரம்ஸ் வாசிப்பவரும் அதே கூடத்தில், பெரியப்பாவின் தோள் தெரியும்படி உட்கார்ந்து, மெல்லிய குச்சிகளைக் கட்டாகக் கட்டிய ராட்ஸ் கொண்டு அடக்கமாக வாசிப்பது ஒன்று. பாட்டை முதலில் எடுத்துக்கொண்டு, மென்பொருளில் ஒவ்வொரு இழுவையையும் கையால் குறித்து டெம்போ மேப் தயாரித்து, அதற்கேற்ப நெளிந்து வளையும் கிளிக்கோடு பின்னர் வாசிப்பது மற்றொன்று. இரண்டாவதில் கிளிக் உண்டு. ஆனால் அது பெரியப்பாவின் பின்னால் வரும் கிளிக். எனக்கு முதலாவதுதான் பிடிக்கும், கண்ணால் பார்த்து வாசிப்பதில் வரும் ஒற்றுமை வேறெதிலும் வருவதில்லை. ஆனால் டிரம்ஸின் ஓசை எல்லா மைக்கிலும் புகுந்துவிடும் என்பதால், உங்களுக்குப் பழக்கம் போதாது என்று தோன்றினால் இரண்டாவதைச் செய்யுங்கள். மின்கிதாரும் பேஸும் பிறகு ஸ்டூடியோவில் சேரலாம்.

இதற்கெல்லாம் முன்னால் பெரியப்பாவோடு சேர்ந்து வாசித்துப் பழகுங்கள், முடிந்தால் மேடையிலேயே. 1964 மே மாதம் லண்டனில் தி அனிமல்ஸ் குழு 'தி ஹவுஸ் ஆஃப் தி ரைசிங் சன்' என்ற பழைய அமெரிக்க நாட்டார் பாடலை ஒரே டேக்கில் பதிவு செய்ததாகப் பெருமையாகச் சொல்வார்கள். அது ஒரே டேக்கில் முடிந்ததற்குக் காரணம், அதற்கு முன்பே அமெரிக்க ராக் பாடகர் சக் பெர்ரியோடு ஊர் ஊராகப் போன சுற்றுப்பயணத்தில் மேடை தோறும் அதை வாசித்திருந்தார்கள் என்பதுதான். ஏற்பாடு ஸ்டூடியோவில் பிறக்கவில்லை, அங்கே எடுத்துவைக்கப்பட்டது, அவ்வளவே. உங்களுக்கு மாசிமகம் இருக்கிறது, புதுச்சேரியில் ஜூன் 21 இசைநாள் இருக்கிறது. அந்த மேடைகளில் பெரியப்பா எங்கே நீட்டுகிறார், எதைப் பார்த்து வேகம் கூட்டுகிறார் என்பது டிரம்ஸ்காரருக்குக் கை வழியாகவே தெரிந்துவிடும்.

பெயர் போடுவது பற்றிய கேள்விக்கும் அந்தப் பாடலிலேயே ஒரு பாடம் இருக்கிறது. குழுவில் ஐந்து பேர்; எல்லோரையும் கவர்ந்த அந்தக் கிதார் வாசிப்பு ஹில்டன் வாலன்டைனுடையது; ஆனால் இசைத்தட்டில் 'மரபுப் பாடல், ஏற்பாடு: ஆலன் பிரைஸ்' என்று ஆர்கன் வாசித்தவர் பெயர் மட்டும் அச்சாயிற்று. ஐந்து பெயருக்கு இடமில்லை என்று காரணம் சொல்லப்பட்டதாம். ஏற்பாட்டுக்கான உரிமத்தொகை அவர் ஒருவருக்கே போனது, மற்றவர்களுக்கு அந்த வருத்தம் நெடுங்காலம் தீரவில்லை. ஆகவே நீங்கள் நால்வரும் பாடல் வெளிவருவதற்கு முன்பே உட்கார்ந்து எழுத்தில் தீர்த்துக்கொள்ளுங்கள். பாடலாசிரியர் என்ற இடத்தில் 'மரபுப் பாடல்' என்றே போடவேண்டும். உங்கள் பெயர் போகக்கூடாது, பெரியப்பாவின் பெயரும் போகக்கூடாது, அவருக்கு முன்பே அதைப் பாடியவர்கள் இருந்தார்கள். தேவனாம்பட்டினம் கரைவலைப் பாட்டு என்று ஊரையும் தொழிலையும் சேர்த்து எழுதுங்கள். ஏற்பாடு என்ற இடத்தில் நால்வர் பெயரோடு பெரியப்பாவின் பெயரும் வரவேண்டும், ஏனென்றால் எந்த அடிக்குப் பின் எந்த அடி, எங்கே வேகம் என்பதையெல்லாம் தீர்மானிப்பவர் அவர். முதன்மைப் பாடகரும் அவரே.

அந்தப் பதிவில் அவருக்குச் சட்டப்படியும் உரிமை உண்டு. 1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டம், 38ஆம் பிரிவில், பாடல் யாருடையதாக இருந்தாலும் அதை நிகழ்த்தியவருக்குத் தன் நிகழ்த்துதலின் மேல் 50 ஆண்டு உரிமை தருகிறது. பின்பாட்டுப் பாடுகிறவர்களுக்கும் அது பொருந்தும். ஆகவே அத்தனை பேரிடமும், என்ன செய்யப்போகிறீர்கள், வருமானம் வந்தால் எப்படிப் பிரிப்பீர்கள் என்பதைத் தமிழில் ஒரே பக்கத்தில் எழுதி, படித்துக்காட்டி, கையெழுத்து வாங்கி, ஆளுக்கொரு படி கொடுத்துவிடுங்கள். பதிவு நாளுக்கான கூலியை அன்றைக்கே கொடுங்கள். வருமானப் பங்கு வேறு, அது வேறு.

அன்புடன்.